நாலு சக்கரமும் இழுக்கணும்

கோல சிலாங்கூரிலிருந்து செகிஞ்சான் பக்கம் போகிற சாலையில், காலை வேளையில், மீன் வாசனையோடு ஒரு பழைய பச்சை பிக்கப் உங்களை முந்திக்கொண்டு போனால் அது மோகனாவுடையது. முந்தாமல் பின்னாலேயே வந்தால் அது வேறு யாருடையதோ.

சுங்கை செம்பிலாங் படகுத்துறையில் மீன் எடுத்து, செம்பனைத் தோட்டங்களிலும் சாலையோரத்து அடுக்கு வீடுகளிலும் விற்பது அவள் தொழில். கணவர் கார்த்திகேசு அந்த வண்டியை, அவர்கள் குடியிருந்த செலாசித் தோட்டத்தின் பழைய நிர்வாகம் ஏலம் விட்டபோது எடுத்தார். கொஞ்ச காலம் செம்பனைக் குலை ஏற்றினார், உரமூட்டை ஏற்றினார். பிறகு முதுகு பிடித்துக்கொண்டது. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவலாளியாகச் சேர்ந்து, சனி ஞாயிறில் மட்டும் வீட்டுக்கு வருகிறவராகிவிட்டார். வண்டி வாசலில் நின்றது. அதை விற்றுவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்ன வாரத்தில்தான் மோகனா வண்டி ஓட்டப் பழகப் போனாள்.

பழகும் இடத்தில் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் காருக்கு லைசன்ஸ் எடுங்கம்மா. பொம்பளைங்களுக்கு அதுதான் ஈசி."

"என் வீட்டு வண்டில மூணு பெடல் இருக்கு சார். ஈசிக்கு வேற வண்டி வாங்கித் தரீங்களா?"

முதல் தேர்வில் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். மூன்றாவதில் எடுத்துக்கொண்டு வந்து, வழியில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டினாள். மோகனா அப்படித்தான். முடியாது என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வேலை அவளுக்கு அதிலிருந்துதான் தொடங்கும்.

அந்த வண்டிக்குள் ஓட்டுநர் பக்கம் இரண்டு கியர் கம்பிகள். பெரியது எல்லா வண்டியிலும் இருப்பது. அதன் ஓரமாகக் குட்டையாக ஒன்று நிற்கும், குட்டி கியர் என்பார்கள். அதன் தலையில் 2H, 4H, N, 4L என்று பாதி தேய்ந்த எழுத்துகள். 2H என்றால் பின் சக்கரங்கள் மட்டும் வண்டியைத் தள்ளும். N எதிலும் சேராமல் நடுவில் நிற்பது. 4H, 4L இரண்டும் நாலு சக்கரத்துக்கும் இழுக்கும் வேலை கொடுப்பவை, 4L வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். கொடுக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியில் கொடுக்காது. "அதுல ஃபோர்வீல் வாங்கறப்பவே ஹபிஸ், தீந்துபோச்சு" என்று கார்த்திகேசு ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் அந்தக் குட்டி கியரில் பிளாஸ்டிக் பை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

செலாசித் தோட்டம் கைமாறிய பிறகு புதிய நிர்வாகம் தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தது. குடும்பங்கள் அடுக்கு வீடுகளுக்கு வந்தன. தோட்டத்துக்குள்ளே, பெரிய பாரிட் என்று எல்லோரும் சொல்லும் வடிகாலின் கரையில், முனியாண்டி கோயில் மட்டும் மிஞ்சியது. அதற்குப் போகும் மண் சாலையில் குலை ஏற்றும் லோரிகள் ஓடி ஓடி, மழைக்காலத்தில் அது சாலை என்று சொன்னால் சாலைக்கே கோபம் வரும்.

சித்திரை பூசைக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோயில் கமிட்டிக்காரர்களைப் பார்க்கத் தோட்டத்துத் துணை மேலாளர் கணேஸ்வரன் வந்தார். செயலாளர் லிங்கேஸ்வரன் வீட்டு முன்புறத்தில் நாற்காலி போட்டார்கள். கெட்ட மனிதர் இல்லை. மேலே சொன்னதைக் கீழே வந்து சொல்வது அவர் வேலை.

"நானும் கும்பிடுறவன்தான். தப்பா நெனைக்காதீங்க. அந்த ரோட்டுல லோரி ஓடுது, நடந்து போக யாரையும் விட முடியாது. வண்டியும் போற நெலமையில இல்ல. இந்த வருஷம் அங்க பூசை நடக்கலன்னா, கோயில் புழக்கத்துல இல்லன்னுதான் மேலிடம் எடுத்துக்கும். டவுன் பக்கம் ஒரு எடம் பேசி வெச்சிருக்கோம். சாமிய அங்க கொண்டு வந்து வெச்சுக்குங்க. ஒங்களுக்கும் பக்கம்."

பெரியவர்கள் தலையை ஆட்டத் தொடங்கிவிட்டார்கள். பக்கம் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி. மோகனா மீன் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். மீன் கொடுக்க வந்தவளை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை. அதனால் உட்காராமலே பேசினாள்.

"எங்கள தூக்கி அடுக்கு வீட்டுல வெச்சீங்க. சரின்னு வந்துட்டோம். முனியாண்டியயும் தூக்கி வெக்கணுமா? அவரென்ன, வாடகைக்கா இருக்காரு?"

சிலர் சிரித்தார்கள். கணேஸ்வரன் சிரிக்கவில்லை. "அக்கா, வழி இல்லன்னுதானே சொல்றேன்."

"வழி இருந்தா?"

"இருந்தா தாராளமா போங்க. யாரு வேணாம்னா? ஆனா சொந்த வண்டில, ஒங்க பொறுப்புல. எங்க டிராக்டர் வந்து இழுத்து விடும்னு நெனைச்சுக்காதீங்க. பூசை அன்னிக்கு டிராக்டர் இழுத்தா, வழி இல்லன்னுதான் அர்த்தம்."

மோகனா லிங்கேஸ்வரனைப் பார்த்தாள். அவன் புதிதாக வாங்கிய கறுப்பு பிக்கப் வாசலில் மலை மாதிரி நின்றது. பக்கவாட்டில் 4x4 என்று ஆள் உயரத்துக்கு எழுத்து. "அதான் இருக்கே, லிங்கேசு. ஏத்திட்டுப் போ."

லிங்கேஸ்வரன் தொண்டையைச் செருமினான். "அக்கா, புது வண்டிலா. சஸ்பென்ஷன் போயிடும்."

"அப்ப என் வண்டி போகும்."

"ஒங்க வண்டியா? ஃபோர்வீல் ஹபிஸ்னு மாமாவே சொல்றாரே!"

"மாமாவுக்கு ஹபிஸ் ஆனது முதுகு. வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் மோகனா. சொன்ன பிறகுதான், வண்டிக்கு என்ன ஆனது என்று தனக்கே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. ஆனால் சொல் வெளியே போய்விட்டது. இனி வண்டிதான் அந்தச் சொல்லைப் பிடிக்க ஓட வேண்டும்.

மறுநாள் மீன் விற்று முடிந்ததும் கங்காவைக் கூப்பிட்டுக்கொண்டாள். கங்கா அடுத்த வீட்டுக்காரி, ஒரே லயத்தில் வளர்ந்தவள், வாயில் எப்போதும் ஒரு கேலி வைத்திருப்பவள். தோட்டத்துக் கேட் தாண்டியதும் சேறு தொடங்குகிறது. மோகனா குட்டி கியரை 4H-இல் தள்ளி உள்ளே விட்டாள். நாலைந்து வண்டி தூரம் போனது. பிறகு பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பெடலை மிதிக்க மிதிக்கப் பின் சக்கரங்கள் குழி பறித்தன.

"கங்கா, எறங்கி முன் சக்கரம் சுத்துதான்னு பாரு."

கங்கா கைலியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். குனிந்து பார்த்தாள். "எங்க சுத்துது? கல்யாண வீட்டு மாப்ள மாதிரி சும்மா நிக்குது."

"நல்லா பாரு!"

"நல்லாத்தான் பாக்குறேன். சக்கரம் நிக்குது. ஆனா அதுக்குப் பின்னால ஒரு கம்பி இருக்குல, ரப்பர் சட்ட போட்டது. அது மட்டும் பேய் புடிச்ச மாதிரி சுத்துதுடி."

மோகனா எஞ்சினை அணைத்தாள். இறங்கித் தானும் சேற்றில் மண்டியிட்டுப் பார்த்தாள். கங்காவைப் பெடலில் கால் வைக்கச் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். சுற்றும் பலம் எஞ்சினிலிருந்து புறப்பட்டு, குட்டி கியர் வழியாக, முன் அச்சு வரைக்கும், சக்கரத்துக்கு ஒரு கையளவு தூரம் வரைக்கும் வந்துவிடுகிறது. அங்கே யாரோ கையை விட்டுவிடுகிறார்கள். ஃபோர்வீல் செத்துப்போகவில்லை. வீட்டு வாசல் வரை வந்து கதவு திறக்காமல் நின்றுகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அன்று தோட்டத்து டிராக்டர்தான் வண்டியை வெளியே இழுத்தது. அந்தச் செய்தி அவளுக்கு முன்பே அடுக்கு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மாலையில் லிங்கேஸ்வரன் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். "என்னக்கா, முனியாண்டி சௌக்கியமா? டிராக்டர் அண்ணன் கேட்டாரு."

"அடுத்த தடவ ஒன்னயும் கூட்டிட்டுப் போறேன். நீயே கேட்டுக்க."

சொல்லிவிட்டுச் சக்கரத்தைக் கழுவ உட்கார்ந்தாள். முன் சக்கரத்தின் நடுவில் ஒரு தடித்த உருளை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமும் அது அழகுக்கு இருப்பதாகவே நினைத்திருந்தாள். கழுவிக்கொண்டே பின் சக்கரத்துக்குப் போனாள். அங்கே உருளை இல்லை.

அழகுக்கு என்றால் நாலு சக்கரத்திலும் இருக்க வேண்டுமே.

திரும்பி வந்து முன் சக்கரத்து உருளையை மீன் செதில் சுரண்டும் கத்தியால் சுரண்டினாள். முதலில் குங்குமம் வந்தது. அதன் கீழே காய்ந்த சந்தனம். அதன் கீழே வெள்ளிப் பெயிண்ட். அதன் கீழே மறுபடியும் சந்தனம், மறுபடியும் பெயிண்ட். ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் கார்த்திகேசு சக்கரத்தின் நடுவில் பளபளவென்று வெள்ளி அடித்து, அது காய்ந்ததும் சந்தனம் குழைத்து அப்பி, பொட்டு வைப்பார். ஊரில் எல்லோரும் வைப்பதுதான். அவர் கொஞ்சம் தாராளமாக வைப்பார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் திருகு வட்டம் கிடந்தது. அதன் ஒரு பக்கம் FREE, மறுபக்கம் LOCK. அம்புக்குறி FREE-இல் நின்றது.

மோகனா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். கங்கா ஓடிவந்தாள்.

"கதவு இங்கதான்டி இருக்கு! இத LOCK-ல திருப்பினாத்தான் சக்கரமும் கம்பியும் ஒண்ணா சேரும். தார் ரோட்டுல ஓடறப்ப தேவை இல்லன்னு, வண்டி செஞ்சவன் கழட்டி விடுற மாதிரி வெச்சிருக்கான். இந்த மனுஷன் அதுக்கு மேல பொட்டு வெச்சு மூடிட்டாரு!"

சனிக்கிழமை கார்த்திகேசு வந்து இறங்கியதும் இதைத்தான் முதலில் காட்டினாள். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெகுநேரம் பார்த்தார்.

"நான் இத மூடின்னு நெனைச்சேன்."

"நீங்கதான் மூடினீங்க."

"சாமிக்குத்தானடி செஞ்சேன்."

"சாமிக்குச் செஞ்சதாலதான் சாமிகிட்டயே போக முடியாம நிக்குறோம். போங்க, போய்க் குறடு எடுத்துட்டு வாங்க."

வலது பக்கத் திருகு முனகிக்கொண்டே திரும்பியது. இடது பக்கம் அசையவில்லை. எண்ணெய் விட்டு ஊறவைத்தார்கள். மறுநாள் குறடால் பிடித்தபோது பாதி வந்து நின்றது. மறுபடியும் எண்ணெய். திங்கட்கிழமை காலையில்தான் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு LOCK-க்குப் போனது. "இந்தப் பக்கம் கைய நம்பாத" என்றார் கார்த்திகேசு. "குறடு போட்டு, சத்தம் கேட்டாத்தான் விடு." பஸ் ஏறும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தார். குற்ற உணர்ச்சி உள்ள மனிதர் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார்.

இரண்டு பக்கமும் பூட்டியாகிவிட்ட உற்சாகத்தில், அன்று மோகனா 4H போட்டுக்கொண்டே மீன் எடுக்கத் துறைக்குப் போனாள். நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஜெராம் பக்கம் ஒரு வளைவில் ஸ்டியரிங் அடம்பிடித்தது. டயர்கள் கீச்சிட்டன. வண்டி முழுவதும் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி விறைத்துக்கொண்டது. குட்டி கியரை 2H-க்கு இழுத்தாள், வரவில்லை. ஓரம் கட்டி யோசித்தாள். வளைவில் முன் சக்கரம் ஒரு தூரமும் பின் சக்கரம் ஒரு தூரமும் ஓடுகிறது. சேறாக இருந்தால் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் விட்டுக்கொடுக்காது. முறுக்கு அத்தனையும் இரும்புக்குள்ளே தங்கிவிடுகிறது. ஏறிய முறுக்கை இறக்க வேண்டும் என்று பின்பக்கமாகக் கொஞ்சம் உருட்டினாள். உள்ளே ஏதோ தளர்ந்தது. குட்டி கியர் வெண்ணெயாக வந்தது. இறங்கி, குறடு போட்டு இரண்டு திருகையும் FREE-க்கே திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு எதையும் அவசரப்பட்டுச் செய்யவில்லை. மாலை நேரங்களில் கைப்பேசியில் தேடினாள். தாய்லாந்துக்காரன் ஒருவன் இதே மாதிரி வண்டியைச் சேற்றில் ஓட்டும் காணொளி கிடைத்தது. அவன் பேசியது ஒரு சொல்கூடப் புரியவில்லை. கை என்ன செய்கிறது என்பது முழுவதும் புரிந்தது. சேற்றில் இறங்கும் முன், காய்ந்த தரையிலேயே இரண்டு திருகையும் பூட்டுகிறான். 4H போடக் கிளட்சை மிதித்து மெதுவாக ஓடிக்கொண்டே போடுகிறான். 4L போடும்போது மட்டும் வண்டியை முழுசாக நிறுத்தி, N-இல் ஒரு மூச்சு நின்று, பிறகு கீழே தள்ளுகிறான். சேற்றுக்குள் போய்விட்டால் கியர் மாற்றுவதில்லை, பிரேக்கைத் தொடுவதில்லை, பெடலை உதைப்பதும் இல்லை. ஒரே சீராக, எருமை நடப்பது மாதிரி போகிறான்.

"யாருடி இவன், காலையும் சாயங்காலமும் இவனையே பாத்துட்டு இருக்க?" என்றாள் கங்கா.

"என் வாத்தியாரு. மூஞ்சிய இன்னும் பாக்கல. கைய மட்டும்தான் காட்டுறான்."

பூசை நாள் வந்தது. முந்தின நாள் முழுக்க மழை. காலையில் தோட்டத்துக் கேட்டில் பொங்கல் பானை, அரிசி மூட்டை, விறகு, தண்ணீர்த் தொட்டி, கூண்டுக்குள் ஒரு சேவல், பட்டு கட்டிய பெண்கள், வேட்டி கட்டிய ஆண்கள். எல்லோருக்கும் முன்னால் லிங்கேஸ்வரனின் கறுப்பு வண்டி. கங்கா நேராக அதன் கண்ணாடியில் முகத்தை ஒட்டி உள்ளே பார்த்தாள்.

"லிங்கேசு, குட்டி கியர் எங்க?"

"புது மாடல்ல கம்பி எல்லாம் கெடையாதுக்கா. திருகுற பட்டன்."

"பட்டன் எங்க?"

அவன் தெருவைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்: "இது டூ-வீல்க்கா."

"அப்ப வெளிய எழுதியிருக்குறது?"

"அது ஸ்டிக்கர்."

கேட்டே அதிர்ந்தது. ஒரு பாட்டம் சிரித்து முடித்ததும் மோகனா அவன் தோளில் தட்டினாள். "வா, ஏறு. ஒனக்கும் ஃபோர்வீல் காட்டுறேன்." அவன் பச்சை வண்டியின் பின்தட்டில் பானைகளுக்கு நடுவே ஏறி உட்கார்ந்தான். கார்த்திகேசுவும், கமிட்டிக்காரர்கள் சிலரும் ஏறினார்கள். கங்கா முன்னால் அவள் பக்கத்தில்.

கணேஸ்வரன் கேட் ஓரம் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். சற்றுத் தள்ளி டிராக்டர், ஓட்டுநரோடு தயாராக. "அக்கா, மறுபடி சொல்றேன். மழை பேஞ்சிருக்கு. வேணாம்னா இப்பவே சொல்லிடலாம். யாரும் தப்பா நெனைக்கமாட்டாங்க."

"நான் நெனைப்பேனே சார்."

சேற்றில் பிடிப்பு கிடைக்க டயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். பிறகு எல்லோரும் பார்க்க முன் சக்கரத்துக்குப் போனாள். வலது பக்கம் கையால் ஒரு திருகு, LOCK. இடது பக்கமும் கையாலேயே ஒரு திருகு. குறடு இருக்கைக்கு அடியில் இருந்தது. துணை மேலாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது குனிந்து குறடு தேடிக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. பாட்டில் மூடியைத் திருகுவது மாதிரி லேசாகத் திருகிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

4H. வண்டி சேற்றுக்குள் இறங்கியது. லோரி தடம் இரண்டு பக்கமும் வாய்க்காலாகக் கிடந்தது. அதில் சக்கரத்தை விட்டால் வயிறு தட்டிவிடும் என்று, நடு மேட்டில் ஒரு சக்கரமும் ஓரப் புல்லில் ஒரு சக்கரமுமாகக் கொண்டுபோனாள். முதல் வளைவு வரை நன்றாகவே போனது. வளைவில் சேறு ஆழம். வண்டி திணறியது, பின்பக்கம் ஆடியது, நின்றது. பின் சக்கரங்கள் சும்மா சுற்றத் தொடங்கின.

உடனே காலை எடுத்தாள். மேலும் மிதித்தால் குழிதான் ஆழமாகும்.

கேட் இன்னும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில்தான் இருந்தது. கணேஸ்வரனின் குரல் வந்தது: "அக்கா! டிராக்டர் அனுப்பவா?"

பின்தட்டிலிருந்து கமிட்டிப் பெரியவர் ஒருவர், "அனுப்பச் சொல்லும்மா, ஏதோ முயற்சி பண்ணினோம்" என்றார்.

"வேணாம்!" என்று கத்தினாள் மோகனா. "டிராக்டர் இழுத்தா முனியாண்டி டவுனுக்குப் போயிடுவாரு. யாரும் வாயத் தொறக்காதீங்க."

"அம்மா தாயே" என்றாள் கங்கா, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டு. "எம் பக்கத்து மாப்ள மறுபடி சும்மாதான் நின்னாரு. கம்பி மட்டும் சுத்துச்சு."

இடது பக்கம். மோகனா பெடலை ஒரு நொடி தொட்டுவிட்டு, எட்டித் தன் பக்கத்துச் சக்கரத்தையும் பார்த்தாள். பூட்டியிருந்தும் அதுவும் நின்றது. ஒரு பக்கம் கை விட்டால், முன்னால் வருகிற பலமெல்லாம் விட்ட பக்கமாகவே ஓடிவிடும். பூட்டிய பக்கத்துக்கும் மிஞ்சாது. தப்பு வண்டியுடையது இல்லை. கேட்டில் எல்லோர் முன்னாலும் ஆடிய ஆட்டம்தான் அது.

இருக்கைக்கு அடியில் கையை விட்டுக் குறடை எடுத்தாள். இறங்கினாள். முழங்கால் வரை போனது. சேலையைச் செருகிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்து இடது சக்கரத்தின் முன்னால் மண்டியிட்டாள். உருளை சேற்றில் புதைந்திருந்தது. கையால் வாரி வாரித் தள்ளினாள். தள்ளத் தள்ள வந்து மூடியது. காய்ந்த தரையில் கண்ணை மூடிக்கொண்டு செய்திருக்கலாம். சேற்றுக்குள் இறங்குவதற்கு முன் பூட்டு என்று அந்தத் தாய்லாந்துக்காரன் கை எத்தனை தடவை காட்டியது!

கார்த்திகேசு பின்தட்டிலிருந்து இறங்கக் காலைத் தூக்கினார். "நான் வர்றேன்."

"எறங்காதீங்க! யாருமே எறங்காதீங்க. பின் சக்கரத்துக்குக் கனம் வேணும். ஒங்களக் கனத்துக்குத்தான் ஏத்தியிருக்கேன்."

"அதுக்கா ஏத்தின?" என்றான் லிங்கேஸ்வரன்.

"பின்ன, அழகுக்கா?"

வருஷக்கணக்காக மீன் அறுத்த கை அது. வழுக்கும் எதையும் பிடித்துப் பழகிய கை. விரலால் தடவி அம்புக்குறியைக் கண்டுபிடித்தாள். நடுவழியில் நின்றது. குறடை வைத்து, தோளைக் கொடுத்துத் திருகினாள். திரும்பியது. ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை. உள்ளே பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்று புரிந்தது. கொஞ்சம் உருண்டால்தான் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும்.

ஏறினாள். காலெல்லாம் சேறு, பெடல் வழுக்கியது. கிளட்சை மிதித்து, குட்டி கியரை N-க்குக் கொண்டுவந்தாள். ஒரு மூச்சு. 4L. உள்ளே கனமாக ஏதோ விழுந்து உட்கார்ந்தது. ரிவர்ஸ் போட்டு ஒரு சாண் பின்னால் உருட்டினாள்.

'டக்.'

கங்கா ஜன்னலைத் தட்டினாள். "கேட்டுச்சுடி!"

இரண்டாவது கியர். கிளட்சை மெல்ல விட்டாள். பெடலை உதைக்கவில்லை. எஞ்சின் தாழ்ந்த குரலில் உறுமியது. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முன்பக்கம் மெதுவாக, மிக மெதுவாக நிமிர்ந்தது. பின்னாலிருந்து யாரோ தள்ளியே இத்தனை வருஷம் ஓடிய வண்டியை முன்னாலிருந்தும் யாரோ கைகொடுத்து இழுப்பதை அவள் உள்ளங்கையில் உணர்ந்தாள். முன் சக்கரங்கள் சேற்றைக் கடித்துத் துப்பின. நடந்து போகிறவன்கூட முந்திவிடும் வேகம்தான். ஆனால் நிற்கவில்லை.

"போகுது!" என்று கத்தியது லிங்கேஸ்வரன்தான். "அக்கா, போகுது! பிரேக் தொட்டுடாதீங்க!"

"நீ பானையப் புடி!"

பாரிட் கரை ஏற்றத்தில் ஒரு தடவை வழுக்கி, ஓரத்துச் செம்பனை மட்டையில் கண்ணாடி உரசியது. பெடலிலிருந்து காலை எடுக்காமல், ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பிடிப்புத் தேடினாள். கிடைத்தது. கரை மேலே ஏறியபோது எதிரே முனியாண்டி, மீசையும் அரிவாளுமாக, தகரக் கூரைக்குக் கீழே நின்றார். புல் அவர் முழங்கால் வரை வளர்ந்திருந்தது.

புல்லை வெட்டினார்கள். அடுப்பு மூட்டினார்கள். பொங்கல் பொங்கி வழியும் நேரத்தில், மோகனாவின் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு, டிராக்டரில் நின்றபடி கணேஸ்வரன் வந்து சேர்ந்தார். டிராக்டர் இரண்டு இடத்தில் திணறியதாக அதன் ஓட்டுநர் கங்காவிடம் ரகசியமாகச் சொன்னார். கங்கா அதை ரகசியமாக எல்லோரிடமும் சொன்னாள்.

முதல் பொங்கலைச் சாமிக்கு வைத்துக் கற்பூரம் காட்டியபோது கணேஸ்வரன் பூட்ஸைக் கழற்றிக் கும்பிட்டார். விபூதி பூசிக்கொண்டார். பிறகு மோகனாவிடம் வந்தார். அவள் முழங்கை வரை காய்ந்த சேறு. புதுச்சேலை சேலையாகவே இல்லை.

"பூசை நடந்துச்சுன்னு மேல சொல்லிடுறேன்க்கா. ஆனா ஒண்ணு. ஒரு நாள் வந்துட்டதால புழக்கத்துல இருக்குன்னு ஒத்துக்குவாங்களான்னு எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வரைக்கும் ஒருத்தரும் வரலன்னா மறுபடி இதே பேச்சுத்தான் வரும்."

"அடுத்த வருஷமா?" மோகனா இலையில் பொங்கலை வைத்து அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த வெள்ளிக்கிழம வருவேன் சார். அதுக்கு அடுத்த வெள்ளியும் வருவேன். விளக்கு போடணும்ல. இனிமே வெள்ளிக்கு வெள்ளி இந்த ரோட்டுல என் டயர் தடம் இருக்கும். ஒங்க மேலிடத்த வந்து பாக்கச் சொல்லுங்க."

"ரோடு இப்படியேதான் இருக்கும்க்கா. கல்லு கொட்ட பட்ஜெட் இல்ல."

"கொட்ட வேணாம். சேறாவே கெடக்கட்டும். எங்களுக்கு ஓட்டத் தெரியும்."

கணேஸ்வரன் பொங்கலைச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு, "நெய் நல்லா இருக்கு" என்றார்.

பெண்களும் பெரியவர்களும் இன்னும் கேட்டிலேயே காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வந்த பிறகுதான் பெரிய படையல். மோகனா கையைக்கூடக் கழுவாமல் வண்டியில் ஏறினாள். கார்த்திகேசு ஓடிவந்து இரண்டு முன் சக்கரத்தையும் குனிந்து பார்த்து, பூட்டியிருக்கிறது என்று தலையாட்டினார். லிங்கேஸ்வரன் பின்தட்டில் தாவி ஏறினான்.

"நீ எதுக்குடா?"

"கனத்துக்குக்கா."

குட்டி கியர் 4L-இலேயே இருந்தது. இரண்டாவதில் போட்டு, கரையிலிருந்து இறக்கத்தில் விட்டாள். வளைவில், காலையில் மாட்டிக்கொண்ட அதே குழியில், ஓரமாக ஒதுங்கிப் போக இடம் இருந்தது. மோகனா ஒதுங்கவில்லை. நேராக அதற்குள்ளேயே விட்டு ஏறிப் போனாள்.